பச்சை மையில் எழுதியது

ஹமர்ஃபெஸ்ட், ஜூன் மாதம்.
மணி மூன்று பத்து. இரவென்று கடிகாரம்தான் சொல்கிறது.
திரைச்சீலையின் ஓரத்தில் வெயில்
கத்திபோல் நிற்கிறது.

நான்காம் அறையிலிருந்து அழைப்பு. ஓடினால்
கதவருகே ஹோவார், கையில் ஒரு தாள்.
மடித்து, பிரித்து, மறுபடி மடித்து
மடிப்புகளில் கிழியத் தொடங்கிய தாள்.
பச்சை மை. கோடில்லாத இடத்திலும்
நேராக ஓடுகிற கையெழுத்து:

முதுகில் ஊசி வேண்டாம்.
நானே கேட்டாலும் தராதீர்கள்.
கெஞ்சினாலும்.

'கெஞ்சினாலும்' என்பதன் கீழே இரண்டு கோடு.

பிப்ரவரியில் எழுதினாளாம்.
சால்மன் பண்ணைக்கு வேலைக்குப் போகுமுன்
சமையலறை மேசையில்,
காப்பி ஆறும்வரை யோசித்து.
"என்னிடம் சத்தியம் வாங்கினாள், டாக்டர்."
சத்தியத்தைக் காப்பவனின் பெருமை அவன் முகத்தில் இல்லை.
யாரோ வேண்டாத சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனால்
ஒருவன் எப்படி நிற்பானோ
அப்படி நிற்கிறான்.

உள்ளே இல்வா.
அவள் பிடித்திருக்கும் பிடியைப் பார்த்தால்
கட்டில்தான் பாவம்.
பதினேழு மணி நேரம். ஆறு சென்டிமீட்டர்.
"போடு" என்கிறாள். "போடு, போடு, இப்பவே போடு."

மருத்துவச்சி தூரிட் என்னை ஓரமாக இழுத்தாள்.
இருபத்தாறு வருட அனுபவம், தணிந்த குரல்:
"இந்தக் கட்டத்தில் எல்லாரும் கேட்பார்கள்.
ஒரு மணி நேரம் பொறுத்தால் நாளைக்கு நன்றி சொல்வாள்."

சொல்லக்கூடும்.
நாளைக்கு நன்றி சொல்லப்போகிறவளை எனக்குத் தெரியாது.
பிப்ரவரியில் எழுதியவளையும் தெரியாது.
எனக்குத் தெரிந்தவள் இவள்:
உதடு வெடித்து,
ஒற்றைக் காலில் மட்டும் காலுறையோடு இருப்பவள்.

ஒருமுறை தாளுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறேன்.
வேறு ஊர், வேறொருத்தி.
ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது.
"நான் பேசிக்கொண்டிருந்தேன்.
நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தீர்கள்."

வலி இறங்கக் காத்திருந்தேன்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒன்றரை நிமிடம் கிடைத்தது.
அதற்குள் சொன்னேன்:
ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் மரத்துப்போகலாம்,
நூறில் ஒருத்திக்கு நாள்கணக்கில் தலைவலி,
சிலருக்கு ஒரு பக்கம்தான் பிடிக்கும்.
பிறகு தாளைக் காட்டினேன்.
"இது உங்கள் எழுத்து."

பார்த்தாள். சிரித்தாள்.
அந்த நேரத்தில் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ.
"அவளுக்கென்ன தெரியும்?
காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்."

முதுகை வளைத்து உட்கார்ந்தாள்.
குளிர்ந்த மருந்தைத் தடவி
எலும்பை எண்ணி இறங்கி
மரப்பு ஊசியின் நுனி தோலைத் தொடப்போகையில்

"நில்லுங்க."

நின்றேன்.
மானிட்டரில் குழந்தையின் குதிரை மட்டும்
ஓடிக்கொண்டிருந்தது.
ஓர் அலை முழுசாக ஏறி, உடைந்து, வடிந்தது.
அடுத்ததும்.
தூரிட் வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள்.
என் கையுறைக்குள் வியர்வை.
வலி அவளுடையது,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.

ஹோவாரிடம் கை நீட்டித் தாளை வாங்கினாள்.
கிழிப்பாள் என்று நினைத்தேன்.
உள்ளங்கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டு
"ம்" என்றாள்.

"ம் என்றால்?"

"போடுங்கன்னு அர்த்தம். நான்தான் சொல்றேன்."

பிறந்தபோது நான் அங்கில்லை.
கீழே ஒரு குடல்வால் காத்திருந்தது.
ஆறு மணிக்குப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.
ஒப்புதல்: ஆம், இல்லை. இரண்டே கட்டங்கள்.
ஓரத்து வெள்ளையில் பொடியெழுத்தில் எழுதிவைத்தேன்:

3.31 நிற்கச் சொன்னார். நின்றோம்.
3.37 போடச் சொன்னார்.